கவிழாத காரைக் கவிழ்ந்தது என்று எழுதினேன்

பிள்ளைகளே, மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் நான் போனில் பழைய கார் விளம்பரங்களைப் பார்ப்பதை நீங்கள் கேலி செய்கிறீர்கள். வாங்குவதற்காக நான் பார்க்கவில்லை. திண்டுக்கல்லில் இத்தனை வருடம் கார் தகடு தட்டியவனுக்கு, படத்தைப் பார்த்தாலே கதவு இடைவெளியும் பெயிண்ட் வித்தியாசமும் கண்ணில் பட்டுவிடும். பட்டதை விளம்பரத்துக்குக் கீழே எழுதிவிடுவேன். ‘ஐயா, வண்டியை நன்றாக வைத்திருக்கிறீர்கள். இடது மட்கார்டில் மட்டும் பள்ளம் அடைக்கிற பட்டி அதிகம் போலத் தெரிகிறது’ என்று மரியாதையாகத்தான் எழுதுவேன்.

போன வருடம் ரெட்டியார்சத்திரம் பக்கமிருந்து ஒரு வெள்ளை அம்பாசிடர் விற்பனைக்கு வந்தது. அழகான வண்டி. ஆனால் டாப்பில் முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு பள்ளம். மேலே புதுப் பெயிண்ட் வேறு. ‘வண்டி ஒருமுறை கவிழ்ந்திருக்கிறது. வாங்குகிறவர்கள் பார்த்து வாங்கவும்’ என்று எழுதினேன்.

மறுநாள் விற்கிறவர் விளம்பரத்துக்குக் கீழேயே என் நம்பரைக் கேட்டு வாங்கிக் கூப்பிட்டார். ஓய்வு பெற்ற டீச்சர். கணவர் இறந்தபின் வண்டியை ஓட்ட ஆளில்லையாம். இந்த மாதம் விற்காவிட்டால் பழைய இரும்புக்குப் போட்டுவிடலாம் என்று மகன் சொல்லிவிட்டாராம். பழனிக்காரர் ஒருவர் வாங்குவதாக இருந்து, நான் எழுதியதைப் படித்துவிட்டு வேண்டாம் என்றுவிட்டாராம். டீச்சர் கோபப்படவில்லை.

“தம்பி, வந்து தொட்டுப் பாத்துட்டு எழுதியிருக்கலாமே” என்றார்.

அன்றைக்கே பைக்கில் போனேன். நாலு கதவையும் திறந்து மூடினேன். ஒழுங்காக மூடின. கவிழ்ந்த வண்டியென்றால் கதவுச் சட்டம் கோணியிருக்கும். இதில் துளிக்கூடக் கோணல் இல்லை. அப்படியானால் பள்ளம் எப்படி வந்தது என்று கேட்டேன்.

“எங்க கோயில்ல சப்பரம் கிடையாது. வருசா வருசம் திருவிழாவுக்கு இது மேல பலகை போட்டுத்தான் மாதா சுரூபத்த வச்சு ஊர்வலம் போவோம். அந்தப் பலகையோட காலு நாலும் அமுக்குனது. உரசுன எடத்துக்குத்தான் புதுசா பெயிண்ட் அடிச்சோம். நடக்குற ஆளவிட மெதுவா போன வண்டிய கவுந்துச்சுன்னு எழுதிட்டீங்களே.”

எனக்கு வெட்கமாகிவிட்டது. அப்படி எத்தனை வண்டிகளுக்குப் பின்னால் மெழுகுவர்த்தி பிடித்துக்கொண்டு நானே நடந்திருக்கிறேன். படத்தில் பார்த்தபோது அது ஞாபகம் வரவில்லை.

பிறகு உள்ளே கால்மிதியைத் தூக்கினேன். டிரைவர் காலடியில் தகடு துருப்பிடித்து, விரல் வைத்தால் உதிர்ந்தது. விளம்பரப் படம் எதிலும் இது இல்லை. டீச்சரைக் கூப்பிட்டுக் காட்டினேன். குனிந்து தானும் விரல் வைத்துப் பார்த்தார்.

“அதையும் எழுதிருங்க” என்றார். “மறைச்சு வித்தா வாங்குற ஆளு நாளைக்கு என்னையத்தான சொல்வாரு.”

அங்கேயே நின்று எழுதினேன். கவிழ்ந்தது என்றது என் தவறு, பள்ளம் வந்த காரணம் இது, காலடித் தகடு மாற்ற வேண்டும் என்று எழுதி, என் நம்பரையும் போட்டேன். சாயங்காலம் பழனிக்காரர் கூப்பிட்டார்.

“ஏனுங்க, நேத்து கவுந்துச்சுன்னீங்க. இன்னைக்கு இல்லைங்கறீங்க. நான் எதைங்க நம்பறது?”

நியாயமான கேள்விதான். என்னை நம்ப வேண்டாம், நேரில் வந்து கதவை நீங்களே மூடிப் பாருங்கள் என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து நானும் போனேன். பழனிக்காரர் வந்து ஒவ்வொரு கதவையும் இரண்டு தடவை மூடிப் பார்த்தார். துருவையும் பார்த்தார். யோசித்துக்கொண்டே வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். பிறகு, தகடு மாற்ற எத்தனை நாளாகும் என்று என்னைக் கேட்டார். நாலு நாள் என்றேன். சாவிக்குக் கை நீட்டினார்.

டீச்சர் சாவியைக் கொடுத்துவிட்டு, “கீழ ஓட்டை இருக்கு, கால பாத்து வைங்க” என்றார்.