கேளாமல் பிடித்த சாணை

டென்மார்க்குக்கு வந்த இரண்டாவது குளிர்காலத்தில் எனக்கு ஓல்போர்க்கில் ஓர் ஐஸ் மண்டபத்தில் வேலை கிடைத்தது. யாழ்ப்பாணத்தில் லேத் பட்டறையில் நின்றவன் என்று படிவத்தில் எழுதியிருந்தேன். அதைப் பார்த்த கொம்யூன், அதாவது நகரசபை, அலுவலகப் பெண், அங்கே சாணை பிடிக்கும் மிஷின் ஒன்று இருக்கிறது, ஆள்தான் இல்லை என்று சொல்லி அனுப்பிவிட்டாள். ஐஸ் ஹொக்கி என்றால் என்னவென்றே எனக்குத் தெரியாது. முதல் ஆட்டத்தைப் பார்த்தபோது, 'என்ன கோதாரியடா இது, இந்தக் குளிருக்குள்ள தடியும் கையுமாய் அடிபடுறாங்கள்' என்றுதான் நினைத்தேன்.

அந்த அணியில் ஒரு தடுப்பாட்டக்காரர் இருந்தார். ஆறடிக்கு மேல் உயரம், கதவை அடைத்துக்கொண்டு நிற்கிற உடம்பு. பகலில் வீடுகளுக்குத் தண்ணீர்க் குழாய் பூட்டுவார், பின்னேரம் பயிற்சிக்கு வருவார். அந்த நாளில் அங்கே ஹொக்கியை மட்டும் ஆடி வயிறு வளர்க்க முடியாது. கோல் அடிப்பவனுக்குத்தான் கைதட்டல் எல்லாம். இவருடைய வேலை, வருகிறவனை முகத்துக்கு முகம் பார்த்தபடி பின்பக்கமாகவே சறுக்கிப் போய், அவனைக் கோலுக்குக் கிட்ட விடாமல் ஓரத்துக்குத் தள்ளுவது. நன்றாகச் செய்தால் ஒருவரும் கவனிக்கமாட்டார்கள்.

என்னைவிட மூன்று வயது கூட. பெயர் சொல்லிக் கூப்பிட எனக்கு வாய் வராது. அண்ணை என்றே கூப்பிட்டேன். அவரும் திரும்பிப் பார்ப்பார். மற்றவர்கள் நான் ஏதோ காது கேளாதவன் மாதிரி டேனிஷைச் சத்தம்போட்டுச் சொல்வார்கள். அவர் மெதுவாகச் சொல்வார். ஒருநாள் என் துணிச் சப்பாத்தைப் பார்த்துவிட்டு, மறுநாள் தன் பழைய குளிர்ச் சப்பாத்தைக் கொண்டுவந்து தந்தார். அது எனக்கு மூன்று அளவு பெரிது. முன்பக்கம் பத்திரிகைத் தாளைத் திணித்துப் போட்டுக்கொண்டு திரிந்தேன். அதற்காக அவர் என்னிடம் ஒரு நன்றிகூட எதிர்பார்க்கவில்லை. அதுதான் எனக்குத் தாங்கமுடியாமல் இருந்தது.

தை மாதத்தில் ஒரு பின்னேரம், நான் சாணை பிடிக்கும் அறைக்கு வந்தார்.

"சனிக்கிழமை சுவீடனில இருந்து ஒரு கிளப்பின்ர ஆள் வாறார், என்னைப் பாக்க. பிடிச்சால் கூப்பிடுவினம். குழாய் வேலையை விட்டிட்டு விளையாட்டு மட்டும்தான்."

"நல்ல விசயம்தானே அண்ணை!"

"எனக்கு இருபத்தொன்பது முடியப்போகுது. இனி ஒருத்தரும் வரமாட்டினம்." ஸ்கேட் சப்பாத்து இரண்டையும் நீட்டினார். "வழமைபோல பிடிச்சுவிடு."

வழமை என்ன என்று எனக்கு நன்றாகத் தெரியும். ஸ்கேட் அலகின் அடியில் நீளத்துக்கு ஒரு மெல்லிய பள்ளம் இருக்கும். சாணைக்கல்லால் அந்தப் பள்ளத்தை ஆழமாக்கினால் இரண்டு விளிம்பும் கூராகிப் பனியைக் கவ்வும். பாரமான ஆளுக்கு அது கூடாது. பக்கவாட்டில் வழுக்கித் திரும்ப, நிற்க, அவருக்குப் பள்ளம் மேலோட்டமாகத்தான் இருக்கவேண்டும்.

தெரிந்தேதான் மாற்றிச் செய்தேன். எங்கள் ஆட்களிடம் ஒரு குணம். சாப்பிடுகிறவன் போதும் என்றால் எங்களுக்கு அது போதும் இல்லை. கையால் தட்டை மறைத்தாலும் விரல் இடுக்குக்குள்ளால் இன்னும் ஒரு அகப்பை போட்டுவிடுவோம். கேட்டதை மட்டும் கொடுத்தால் அன்பு காட்டியதாகவே எங்களுக்குப் படாது. இந்த மனிதருக்கு வாழ்க்கையில் ஒரே ஒரு நாள் வருகிறது, வழமைபோலவா பிடித்துக் கொடுப்பது? கல்லைத் திருத்தி, பள்ளத்தை ஆழமாக்கி, விளிம்பில் தாள் வைத்தால் அறுபடும் அளவுக்குக் கூராக்கினேன். அலகைத் துணியால் துடைத்து வைத்தபோது எனக்கே பெருமை தாங்கவில்லை. அவரிடம் ஒரு சொல்லும் சொல்லவில்லை.

சனிக்கிழமை சுவீடன்காரர் மூன்றாவது வரிசையில் இருந்தார், மடியில் குறிப்பெழுத ஒரு கொப்பியோடு. ஆட்டத்துக்கு முன் உடம்பைச் சூடாக்கச் சறுக்கியபோதே அண்ணைக்குக் கால் இழுத்ததாம். பதற்றம் என்று நினைத்தாராம், பிறகு சொன்னார். ஆட்டம் தொடங்கிச் சில நிமிடங்களில் எதிரணிக்காரன் ஒருவன் அவரை நோக்கிப் பாய்ந்து வந்தான். பின்பக்கமாகப் போய்க்கொண்டிருந்தவர் சட்டென்று திரும்பினார். அலகு பனியைக் கவ்விப் பிடித்தது. உடம்பு திரும்பியது, கால் திரும்பவில்லை. தடாரென்று விழுந்தார். அவன் அவரைத் தாண்டிப் போய்க் கோல் போட்டான். இன்னும் ஒருமுறை அப்படியே விழுந்தார். பயிற்சியாளர் அவரை வெளியே கூப்பிட்டு ஓரத்து வாங்குப் பலகையில் இருத்தினார்.

ஐயோ, நான் என்ன செய்தேன் என்று எனக்கு விளங்கியது.

இடைவேளையில் அண்ணை சப்பாத்தைக் கையில் தூக்கிக்கொண்டு சாணை அறைக்கு வந்தார். பின்னாலேயே பயிற்சியாளரும்.

"நான்தான் அண்ணை. கூடப் பிடிச்சுப்போட்டன். நல்லா வரட்டும் எண்டு."

"நான் கேட்டனானா?" என்று கத்தினார். ஹெல்மெட் சுவரில் போய் மோதியது. "நான் உன்னட்ட அப்பிடிக் கேட்டனானா?"

பயிற்சியாளர் என்னைத் தள்ளிவிட்டு மிஷினில் கை வைக்கப் போனார். அண்ணை தடுத்தார். "அவன்தான் பிடிப்பான். பத்து நிமிசம் இருக்கு."

பள்ளத்தைப் பழையபடி மேலோட்டமாக்கித் திரும்பப் பிடித்துக் கொடுத்தேன். அதற்குப் பிறகு அவர் ஆடிய ஆட்டத்தை நான் இன்றைக்கும் வாய் ஓயாமல் சொல்வேன். ஒரு ஆள் தாண்டிப் போகவில்லை. ஆனால் மூன்றாவது வரிசை வெறுமையாக இருந்தது. சுவீடனில் யோதபோரி நகரத்துக்குப் போகும் கப்பலைப் பிடிக்கவேண்டும் என்று சுவீடன்காரர் இடைவேளையிலேயே எழும்பிப் போய்விட்டார்.

அடுத்த கிழமை, வேண்டாம் என்று கடிதம் வந்தது. என்னோடு ஒரே அறையில் இருந்த மன்னார் அண்ணை, "ஆட்டுக்கறி காய்ச்சித் தாறன், கொண்டுபோய்க் குடுத்து மன்னிப்புக் கேள்" என்றார். "உங்களுக்கு விசரே? கூடக் குடுத்துத்தானே இவ்வளவும் வந்தது" என்று பாய்ந்துவிட்டு, வெறுங்கையோடு தடுப்பாட்டக்கார அண்ணையின் வீட்டுக்குப் போனேன்.

குசினி மேசையில் கோப்பி குடித்துக்கொண்டிருந்தார்.

"என்னாலதான் போச்சு, அண்ணை."

எங்கள் ஆளென்றால், "சீச்சீ, அதொண்டுமில்லை" என்று சொல்லிவிட்டுப் பத்து வருடம் மனதுக்குள் வைத்திருப்பான். அதைத்தான் நானும் எதிர்பார்த்துப் போனேன்.

"ஓம், உன்னாலதான்" என்றார். "எனக்கு இன்னும் கோவம் போகேல்லை."

தலை குனிந்தபடி, "நான் வேலையை விடுறன்" என்றேன்.

"ஏன்? செவ்வாய்க்கிழமை பயிற்சி இருக்கு. ஆர் சாணை பிடிக்கிறது?" இன்னொரு கோப்பையை எடுத்து எனக்கும் கோப்பி ஊற்றினார். நான் சின்னப்பிள்ளை மாதிரி அழுதேன். அவர் அழாதே என்றும் சொல்லவில்லை. நான் முடிக்கும்வரை யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

அவர் கடைசிவரை சுவீடனுக்குப் போகவில்லை. பகலில் குழாய் பூட்டிக்கொண்டு அதே அணியில் இன்னும் ஐந்து பருவம் ஆடினார். சாணை பிடித்துக் கொடுத்தால் ஆட்டக்காரர்கள் அலகை நகத்தில் சுரண்டிக் கூர் பார்த்துத்தான் வாங்குவார்கள். அந்த ஆட்டத்துக்குப் பிறகு என்னிடம் இரண்டு தரம் சுரண்டினார்கள். அவர் மட்டும் ஒருநாளும் பார்க்கவில்லை. வாங்குவார், காலில் மாட்டுவார், நாடாவை இறுக்கிக் கட்டிக்கொண்டு பனியில் இறங்குவார்.