உலர்த்தும் அறையிலிருந்து இரண்டு தட்டு

படுக்கை விரிப்பின் இரண்டு முனைகளை விரல் நுனியில் பிடித்து ஓர் உதறு. மார்போடு சேர்த்துப் பாதி. மேசையில் போட்டு உள்ளங்கையால் ஒரு இழுப்பு. மடிப்பக்காவின் கைகள் இந்த வேலைக்குக் கண்ணைக் கேட்பதில்லை. ஒரு கட்டு சேர்ந்ததும் பக்கத்தில் கிடந்த மரக்கட்டையை எடுத்துச் சூட்டறைக் கதவில் ஒரு தட்டு தட்டினாள்.

உள்ளேயிருந்து இரண்டு தட்டு வந்தது. நன்றாக இருக்கிறேன் என்று அதற்குப் பொருள். அவள் அடுத்த விரிப்பை எடுத்தாள்.

உள்ளே இருந்தவன் அவளுடைய கொழுந்தன்.

சூட்டறை என்பது சலவைக் கூடத்தில் துணி உலர்த்தும் அறை. சுவரெங்கும் நீராவிக் குழாய், ஜன்னல் கிடையாது. சூட்டில் கதவு உப்பிக்கொண்டு தானாகத் திறந்துவிடும் என்பதால் வெளியில் ஓர் இரும்புத் தாழ்ப்பாள். உள்ளே போவது துணி மட்டும்தானே, உட்பக்கம் தாழ்ப்பாள் எதற்கு?

ஆனால் வருடத்தில் ஒரு முறை ஆளும் போவான். நகரத்தின் வட்டாரங்கள் தங்களுக்குள் மோதிக்கொள்ளும் விளையாட்டுப் போட்டி வரும்போது. ஓட்டம், நீச்சல், வடம் இழுத்தல், பந்து, குத்துச்சண்டை என்று ஊரே இரண்டுபட்டு, நாலுபட்டு நிற்கும். எடை குறைய, மற்ற வட்டாரங்களில் குத்துச்சண்டைக்காரர்கள் ஓடுவார்கள். சலவைக் கூடங்கள் நிறைந்த இந்த வட்டாரத்தில் மட்டும் சூட்டறையில் உட்காருவார்கள். வெளியே ஒருவர் காவல் இருந்து தட்ட வேண்டும்; உள்ளே இருப்பவன் பதில் தட்ட வேண்டும். இதுதான் இவர்களின் வைத்தியம், இதுதான் இவர்களின் பாதுகாப்பு ஏற்பாடு. இதுவரை ஒன்றும் ஆனதில்லை என்பதால் இனியும் ஆகாது என்று எல்லோரும் நம்பினார்கள்.

இந்த வருடம் ஆற்றோர வட்டாரமும் இவர்களும் சரிசமமாக நின்றார்கள். மீதி இருந்தது மிகக் குறைந்த எடைப் பிரிவுக் குத்துச்சண்டை. ஆற்றோரத்தில் அந்த எடைக்கு ஆளே இல்லை. கொழுந்தன் மறுநாள் காலையில் தராசில் ஏறி, எடைக்குள் நின்றுவிட்டால் போதும். ஓங்கி ஒரு குத்து விடாமலே கேடயம் இவர்களுக்கு. ஆனால் அவனுக்கு எடை சற்றுக் கூடுதல்.

சின்ன வயதில் அவன் ஒல்லியாக இருந்ததால் குருவி என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. மடிப்பக்கா கல்யாணமாகி வந்தபோது அவன் மூக்கு ஒழுகப் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தான். மாமியார் படுத்த படுக்கை. புருஷனுக்குச் சலவை வேன் ஓட்டும் வேலை. வீட்டில் இருக்கும் நேரத்தைவிட ரோட்டில் இருக்கும் நேரம் அதிகம். மாமியாருக்குப் புண் வராமல் திருப்பிப் போட்டதும் அவள்தான், குருவிக்குத் தலை துவட்டியதும் அவள்தான். மாமியார் போன பிறகு மடிப்பு வேலைக்கு வந்து எல்லோருக்கும் மடிப்பக்கா ஆனாள். குருவியும் வளர்ந்து மூட்டை தூக்க இங்கேயே வந்து சேர்ந்தான்.

அன்று மாலை உள்ளே போகும் முன் அவன் ஒரு டப்பாவில் எச்சில் துப்பிக்கொண்டிருந்தான். அதிலும் எடை போகுமாம். உதடு வெடித்திருந்தது. மடிப்பக்கா அவன் புறங்கைத் தோலைக் கிள்ளிப் பார்த்தாள். கிள்ளிய தோல் உடனே படியாமல் கூடாரம் போல் நின்றது. மாமியாரின் கடைசி நாட்களில் அவள் பார்த்த தோல்.

"தண்ணி குடிச்சு எவ்வளவு நேரமாச்சுடா?"

"நேத்தே நிறுத்தியாச்சு அண்ணி. பயப்படாதீங்க. நான் காஞ்சதும் இஸ்திரி போட்டு, மடிச்சு, மத்த துணியோட அனுப்பிடாதீங்க. அது போதும்."

"வாய் மட்டும் இன்னும் காயல."

முதலாளி சிரித்தார். சலவைக் கூடமும் அவருடையதுதான், வட்டாரப் போட்டிக் குழுவுக்குத் தலைவரும் அவர்தான். "ஏம்மா, போன வருஷம் போனவன் விசிலடிச்சிட்டு வெளிய வரல? இவன் என்ன சர்க்கரையா, கரையறதுக்கு?"

"இவன் போன வருஷத்துக்காரனவிட ரொம்ப வத்திட்டான் முதலாளி."

"அதுக்குத்தானே உன்ன உக்கார வைக்கிறேன். உன் கையால வளர்ந்தவன். வேற யார நம்புவேன்?"

தாழ்ப்பாளைத் தன் கையாலேயே போட்டுவிட்டு, அணிவகுப்பு ஒத்திகை பார்க்க அவர் மைதானத்துக்குப் போனார். மற்ற ஆட்களும் பின்னாலேயே போனார்கள். வேடிக்கை பார்க்கும் ஆசை யாரை விட்டது.

மடிப்பக்காவுக்கு மடிப்பு மிச்சம் இருந்தது. கூடவே ஒரு பட்டறையின் வேலை உடுப்புகள் ஈரமாகக் கிடந்தன. கையோடு அதையும் முடித்துவிடலாம் என்று சூட்டறைச் சுவரை ஒட்டி நின்ற உலர்த்தும் டிரம்மில் அள்ளிப் போட்டு ஓடவிட்டாள். அந்த உடுப்புகளில் இரும்புப் பக்கிள் உண்டு; துணிப்பையில் கட்டிப் போடுவது வழக்கம். நினைப்பெல்லாம் கதவின்மேல் இருந்ததால் அன்று கட்டவில்லை.

டிரம் கொஞ்சம் சுற்றும், நிற்கும், மறுபக்கம் சுற்றும். தெருவில் ஒலிபெருக்கி காட்டுக்கத்தலாகக் கத்தியது. நாளைக்கு யார் யார் எங்கே வர வேண்டும், கொடி யார் கையில், எல்லாம் அதில்தான். மடிப்பக்கா ஒரு கட்டு முடித்துத் தட்டினாள். டொக், டொக். இன்னொரு கட்டு. தட்டினாள். சற்றுத் தாமதமாக டொக், டொக்.

"சோம்பேறி," என்றாள் கதவைப் பார்த்து.

விரிப்புகள் உயர்ந்துகொண்டே போயின. ஒவ்வொரு முறையும் பதில் வந்தது. கைகள் வேகம் பிடித்தன. கதவின் பெயிண்ட் சூட்டில் லேசாக மணந்தது. எப்போதும் உள்ளதுதான்.

ஒலிபெருக்கி சட்டென்று நின்றது. அவள் கீழே விழுந்த தலையணை உறையை எடுக்கக் குனிந்திருந்தாள். கட்டை மேசையில் இருந்தது.

டொக், டொக்.

குனிந்தபடியே நின்றுவிட்டாள். அவள் தட்டவில்லை.

டிரம் நின்றது, மறுபக்கம் சுற்றத் தொடங்கியது. டொக், டொக்.

ஓடிப்போய் டிரம்மை அணைத்தாள். கூடத்தில் குழாய் ஒன்று சொட்டும் ஓசை கேட்டது. கட்டையை எடுத்துக் கதவில் தட்டினாள். இன்னொரு தரம் தட்டினாள். பிறகு இரண்டு கையாலும் அடித்தாள். எதுவும் வரவில்லை. இவ்வளவு நேரமும் அவளுக்குப் பதில் சொன்னது டிரம்முக்குள் மோதிய ஒரு பக்கிள்.

தாழ்ப்பாள் கையைச் சுட்டது. மடித்து வைத்த விரிப்பைச் சுற்றிப் பிடித்து இழுத்தாள். கதவு திறந்ததும் அதில் சாய்ந்திருந்தவன் அவள் காலடியில் சரிந்தான். கையில் பதில் தட்டும் கட்டை அப்படியே இருந்தது. உடம்பில் ஒரு சொட்டு வியர்வை இல்லை. தொட்டால் இஸ்திரிப் பெட்டி.

"அம்மா, மணி அடிச்சாச்சா?" என்றான், பள்ளிக்கூடப் பையன் குரலில். அம்மா போய் எத்தனையோ வருடம்.

அழுவதற்கு அது நேரமில்லை. ஈர விரிப்பொன்றை விரித்து, அதில் அவனைப் புரட்டி, தரையோடு இழுத்துத் தொட்டியடிக்குக் கொண்டுபோனாள். குழாயைத் திறந்து தலை, கழுத்து, அக்குள், தொடையிடுக்கு என்று நீர் விட்டாள். வாயில் ஊற்றவில்லை, நினைவு தப்பியவனுக்கு ஊற்றினால் அது நுரையீரலுக்குப் போகும். ஒருக்களித்துப் படுக்கவைத்து, அலசிய விரிப்புகளை மேலே போட்டு, மேசை விசிறியை இழுத்துவந்து வைத்தாள். புருஷனுக்கு போன் போட்டாள்.

"வேன எடுத்துட்டு உடனே வாங்க. குருவிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகணும். ஏன்னு அப்புறம் கேளுங்க."

முதலில் வந்தவர் முதலாளி. நனைந்து கிடந்தவனைப் பார்த்தார். திறந்து கிடந்த கதவைப் பார்த்தார். முகம் வெளுத்தது. ஆனாலும் வாய் பழக்கத்தை விடவில்லை. "ஐயையோ, தண்ணிய உள்ள விட்டுடாதம்மா, எடை ஏறிடும்! ஆஸ்பத்திரியில ட்ரிப்ஸ் ஏத்திட்டாங்கன்னா காலையில..."

"காலையில இவன் இருப்பானான்னே தெரியல. கால் பக்கம் பிடிங்க."

"கத்தாத. ஆற்றோரத்துக்காரனுங்க காதுல விழுந்தா..."

"காலப் பிடிங்கன்னு சொன்னேன்."

அவர் பிடித்தார். வேன் வந்தது. வழிநெடுக அவன் ஏதேதோ பேசினான், பிறகு பேசவில்லை. அவள் விரிப்பை நனைத்து நனைத்துப் பிழிந்துகொண்டே போனாள். புருஷன் திரும்பிப் பார்க்காமல் ஓட்டினான். "என்னாச்சு?" என்று மட்டும் ஒரு தரம் கேட்டான். "நான் வெளியதான் இருந்தேன்," என்றாள்.

ஆஸ்பத்திரியில் ஊசி குத்த நரம்பு கிடைக்காமல் திணறினார்கள். சிறுநீரகம் வேலை செய்கிறதா என்று காலையில்தான் சொல்ல முடியும் என்றார் டாக்டர். கட்டிலில் தொங்கிய மூத்திரப் பை காலியாக இருந்தது. மடிப்பக்கா அவன் முகத்தைப் பார்க்கவில்லை. அந்தப் பையைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தாள்.

விடியும்போது அதில் தேநீர் நிறத்தில் கொஞ்சம் இறங்கியிருந்தது. அவன் கண் திறந்து, "அண்ணி, எடை?" என்றான்.

"வாய மூடிட்டுப் படு," என்றாள். புருஷனைப் பக்கத்தில் உட்காரவைத்துவிட்டு, வேனிலிருந்து ஸ்குரூ டிரைவரை எடுத்துக்கொண்டு நேராகச் சலவைக் கூடத்துக்கு நடந்தாள்.

தெருவில் ஒலிபெருக்கி குருவியின் வட்டாரத்தை எடைக்கு அழைத்தது. மறுபடி அழைத்தது. பிறகு அடுத்த பிரிவுக்குப் போய்விட்டது.

அவள் தாழ்ப்பாளைக் கழற்றிக்கொண்டிருந்தபோது முதலாளி வந்தார். தூங்காத முகம். "பொழைச்சுக்குவானாமே? நல்லது. ஆஸ்பத்திரி செலவு என்னோடது." அவள் கையிலிருந்த தாழ்ப்பாளைப் பார்த்தார். "தாழ்ப்பாள் வேண்டாம்தான். நீ செய்யறது சரி. அடுத்த வருஷம் கயிறு போட்டுக் கட்டிக்கலாம். உள்ள இருக்கறவன் தள்ளினா அவிழ்ந்துடற மாதிரி. காவலுக்கும் ரெண்டு பேரா போட்டுடலாம்."

அவர் நல்ல எண்ணத்தோடுதான் சொன்னார். அதுதான் அவளுக்குச் சில்லிட்டது.

அவள் கீழே குத்துக்காலிட்டு, கீலின் முதல் திருகில் ஸ்குரூ டிரைவரை வைத்தாள். துருப்பிடித்த திருகு, உடம்பின் எடையெல்லாம் கொடுத்துத் திருப்ப வேண்டியிருந்தது.

"அடடா, கதவையே எடுத்துட்டா துணி எப்படிம்மா காயும்?"

"வெயில்ல."

வேலைக்கு வந்த ஆட்கள் ஒவ்வொருவராக வாசலில் நின்றார்கள். யாரும் உள்ளே வரவில்லை, யாரும் தடுக்கவும் இல்லை. கடைசித் திருகு கழன்றதும் கதவு அவள் தோளில் சாய்ந்தது. தாங்கி, இழுத்து, முற்றத்துக்குக் கொண்டுபோய், தள்ளுவண்டிச் சக்கரம் எப்போதும் மாட்டிக்கொள்ளும் சாக்கடையின் குறுக்கே போட்டாள். காலால் மிதித்துப் பார்த்தாள். ஆடவில்லை.

கையைக் கழுவிக்கொண்டு மேசைக்குப் போனாள். நேற்று அவனைச் சுற்றிய விரிப்புகளைத் தனியே பிரித்து மறுபடி அலசப் போட்டாள். முற்றத்தில் முதல் தள்ளுவண்டி டொக், டொக் என்று கதவின்மேல் ஏறி இறங்கும் சத்தம் கேட்டது. அவள் கை ஒரு நொடி நின்றது. பிறகு அடுத்த விரிப்பின் முனைகளைப் பிடித்தது.