நனைத்துக் கழற்றிய கூரை

கண்டாவளையில் எங்கள் பழைய சமையல் குசினிக் கூரையைக் கழற்ற வந்தவரை எனக்கு முதலிலேயே பிடிக்கவில்லை. ஒல்லியான ஆள், கன்னத்தில் முகமூடி அழுத்திய தழும்பு. ஏணியில் ஏறமுதல் கூரைத் தகடுகளான சீற்றுகள் எல்லாவற்றையும் தண்ணீரடித்து நனைத்தார். ஆணிகளை ஒவ்வொன்றாகக் கழற்றி, ஒன்றும் உடையாமல் இறக்கி, தடித்த பொலித்தீனில் சுற்றினார். நிலத்தில் முன்பே உடைந்து கிடந்த துண்டுகளையும் ஈரத்துணியால் பொறுக்கினார்.

குப்பைக்கு யாராவது இவ்வளவு பக்குவம் பார்ப்பார்களா? எங்கேயோ விற்கப்போகிறார் என்றே நினைத்தேன். அவர் சாப்பிடப் போன நேரம், இன்னும் சுற்றாமல் கிடந்த இரண்டு நல்ல சீற்றைக் கோழிக்கூட்டுக்குப் பின்னால் ஒளித்தேன்.

"அஸ்பெஸ்ரஸ் எண்டு சொல்லுறியள். அது எப்பிடித் தெரியும்?" என்று அவர் திரும்பி வந்ததும் கேட்டேன்.

"கண்ணால பார்த்துச் சொல்ல ஏலாது அக்கா. சோதிக்காத பழைய சீற் எண்டால் அதுதான் எண்டு நினைச்சுத்தான் தொடுவன். தூசி நெஞ்சுக்குள்ள போனால் திரும்பி வராது."

"அப்ப இதை எங்க விக்கிறியள்?"

அவர் சிரிக்கவில்லை. "விக்கிறேல்லை. பிரதேச சபை காட்டின கிடங்கில புதைக்கிறது. கூட்டுக்குப் பின்னால தெரியிற ரெண்டு சீற்றையும் தாங்கோ, சுத்திறன்."

"அங்க ஒண்டுமில்லை" என்றேன்.

அவர் வற்புறுத்தவில்லை. மேல் கழுவி, வேறு சட்டை போட்டு, கழற்றிய சட்டையையும் பொலித்தீனில் கட்டி மூட்டைகளோடு வைத்தார். "என்ர வீட்டில சின்னப்பிள்ளை இருக்கு" என்றார்.

உண்மையில் புதைத்தாரா என்று எனக்கு இன்னும் சந்தேகம்தான். அந்த இரண்டு சீற்றும் கோழிக்கூட்டுக்குப் பின்னால் அப்படியே இருக்கின்றன. ஆனால் அங்கே முட்டை எடுக்க என் மகளை நான் இப்போது அனுப்புவதில்லை.