மலை பார்க்காத கேமரா

பல் துலக்குவதற்கும் முன்பாக ஜுமாதில் ஐந்தாம் மாடிப் பால்கனியின் ஜன்னலைத் திறந்து, கழுத்தை நீட்டித் தெற்கே பார்க்கிறார். அடுக்களையிலிருந்து மனைவி புரூல், "வந்திருக்கா?" என்று கேட்கிறார். "வரல" என்று சொல்லி ஜன்னலைச் சாத்துகிறார் ஜுமாதில். இருவரும் பேசிக்கொள்வது பனிமலையைப் பற்றி. பிஷ்கெக்கில் குளிர்காலம் வந்தால் வீட்டுக்கு வீடு நிலக்கரி எரியும். அந்தப் புகை மலைத்தொடரை நாள்கணக்கில் விழுங்கி வைத்திருக்கும். மலை வராத நாளில் அவருக்குப் பாதி வேலை ஓடாது.

அவர் பழுதுபார்ப்பவை பழைய சோவியத் கேமராக்கள்: ஸோர்க்கி, ஃபெட், கீவ். இவற்றில் லென்ஸ் வழியே எதையும் பார்க்க இயலாது. மேலே உள்ள சிறு ஜன்னலில் இரண்டு பிம்பங்கள் தெரியும். லென்ஸின் வளையத்தைத் திருப்பி அவற்றை ஒன்றாக்கினால் படம் துலக்கமாக விழும் என்பது ஏற்பாடு. லென்ஸுக்கு அடியில் இருக்கும் மெல்லிய பித்தளைத் தகடு சற்றே கனம் மாறினாலும் ஜன்னல் ஒன்று சொல்லும், பிலிம் வேறொன்று சொல்லும். ஆகவே ஜுமாதில் கேமராவின் முதுகைக் கழற்றி, பிலிம் ஓடும் இடத்தில் மங்கல் கண்ணாடி ஒன்றைப் பதித்து, லென்ஸின் வளையத்தைக் கடைசித் தொலைவுக்குத் திருப்பி, ஷட்டரைத் திறந்து வைத்து, கண்ணாடியில் விழும் மலைமுகட்டை உருப்பெருக்கியால் பார்க்கிறார். முகடு கத்திவிளிம்புபோல் விழ வேண்டும். "மலை பாக்காத கேமரா என் வாசப்படி தாண்டாது" என்பது அவர் வகுத்துக்கொண்ட சட்டம்.

பேருந்துப் பணிமனையில் எஞ்சின் பிரித்தவருடைய விரல்கள் அவை, பருத்தவை. இருந்தும் கடுகளவுத் திருகாணி அவற்றில் நழுவுவதில்லை. கழற்றிய பாகங்களை முட்டைத் தட்டின் குழிகளில் வரிசையாக இடுவார். பூட்டும்போது கடைசிக் குழியிலிருந்து திரும்பி வருவார். கீவ் கேமராவின் ஷட்டருக்குப் பட்டு நாடா வேண்டும். பள்ளிச் சிறுமிகள் தலையில் கட்டும் வெள்ளை நாடாவே அதற்கு உகந்தது என்று கண்டுபிடித்திருக்கிறார். விருந்துக்கு வரும் உறவினர் தம் பெண்களின் தலையை ஒருமுறை தடவிப் பார்த்துக்கொண்டுதான் விடைபெறுவார்கள்.

ஸோர்க்கியில் முதலில் பிலிமை இழுத்து, அதன் பிறகே வேகத்தைத் திருப்ப வேண்டும். மாற்றிச் செய்தால் உள்ளே பல் உடையும். இந்த விதியை அவர் உலகம் முழுமைக்கும் விரித்துவிட்டார். லிஃப்ட் நடுவழியில் நின்றாலும், அண்டை வீட்டுப் பையன் பெண் பார்த்த கையோடு மண்டபம் தேடினாலும், "மொதல்ல இழு, அப்பறம் திருப்பு" என்பார். ஒருமுறை ஒருவர் தங்கமுலாம் பூசிய ஜெர்மானியக் கேமரா என்று ஒன்றைப் பட்டுத்துணியில் சுற்றி எடுத்து வந்தார். ஜுமாதில் அதைப் புரட்டிப் பார்த்து, "நம்ம ஸோர்க்கிப் புள்ளதான். மாப்பிள்ள வேஷம் போட்டிருக்கு" என்று சொல்லி, வந்தவர் மனம் நோகாதபடி தேநீர் ஊற்றினார்.

அவரும் படம் எடுக்கிறார். பூங்காவில் சதுரங்கம் ஆடும் கிழவர்களே அவருடைய நிரந்தர மாதிரிகள். "ரெண்டு மூக்கும் ஒண்ணாகட்டும், அசையாத" என்று வளையத்தைத் திருப்பிக்கொண்டே இருப்பார். "உங்க மூக்கு ஒண்ணாகறதுக்குள்ள என் ராணி போயிருச்சு" என்பது அங்கே வழக்கமான புகார்.

சென்ற ஜனவரியில் ரொட்டி வண்டி ஓட்டும் ரிஸ்பெக் ஒரு ஸோர்க்கியைக் கொடுத்திருந்தார். ஷட்டர் துணியில் பொத்தல். துணியை மாற்றிய ஜுமாதில், லென்ஸையும் கழற்றியபோது அடியில் இருக்க வேண்டிய தகடு இல்லாததைக் கண்டார். எப்போதோ யாரோ தொலைத்திருக்கிறார்கள். புதுத் தகட்டின் கனத்தைத் தீர்மானிக்க மலை வேண்டும். மலையோ வரவில்லை. புகையோடு மூடுபனியும் கலந்து, எதிர்க் கட்டடமே நிழலாகத்தான் தெரிந்தது.

வெள்ளிக்கிழமை பிற்பகல் ரிஸ்பெக் வந்து உட்கார்ந்தார். மறுநாள் விடியலில் அவர் கொச்கோர் கிராமத்துக்குப் புறப்பட வேண்டும். நடக்கத் தொடங்கியிருக்கும் மகளுடைய கால்களைக் கறுப்பு வெள்ளை நூலால் பிணைத்து, ஓட்டத்தில் முந்தி வருபவர் அதை அறுக்கும் விழா ஞாயிறன்று.

"இருக்கற மாதிரியே குடுத்துருங்க பெரியப்பா" என்றார் ரிஸ்பெக்.

"மங்கலா விழும்."

"நூல ஒரு தடவைதான் அறுப்பாங்க. திரும்பக் கட்டிவிட்டு எடுக்க முடியாது. போன்ல ஊரே எடுக்கும். எங்க வீட்டு ஆல்பத்துல எல்லாப் புள்ளைங்க நூலும் இந்தக் கேமரா பாத்ததுதான். என் பொண்ணு மட்டும் விட்டுப்போகணுமா?"

ஜுமாதில் பால்கனிக்குப் போய் வெண்மையைப் பார்த்துக்கொண்டு நின்றார். மாற்று வழி ஒன்று அவருக்குத் தெரியும். மலையை ஏற்கெனவே பார்த்துச் சரியாக இருக்கும் கேமரா ஒன்றின் வளையத்தைக் கடைசித் தொலைவில் நிறுத்தி, அதன் பிலிம் இடத்தில் கீறல் போட்ட பிலிமை வைத்து, பின்னால் விளக்கு ஏற்றி, நோயாளிக் கேமராவுக்கு எதிரே முகத்துக்கு முகம் வைத்தால் போதும். அந்தக் கீறல் இதற்கு மலையின் தொலைவில் தெரியும். ஆனால் குளிர்காலம் தோறும் நல்ல கேமராக்களையும் பிரித்துத் துடைப்பது அவருடைய தீராத பழக்கம். அலமாரியில் இருந்தவை அனைத்தும் மலைக்காகக் காத்திருந்தன. அவர் கை படாத கேமரா வீட்டில் ஒன்றே ஒன்று. அது புரூலுடைய ஃபெட்.

புரூல் அதைத் தலைத்துணிகளுக்கு நடுவே வைத்துப் பூட்டியிருந்தார். தையல் இயந்திரத்தைக் கணவர் 'மேம்படுத்திய' பிறகு, அது முன்னோக்கித் தைப்பதையே நிறுத்திவிட்டதால் வந்த ஏற்பாடு அது. தம் படங்கள் கணவருடையவற்றைவிடத் துலக்கமாக இருப்பதற்கும் அவர் அந்தப் பூட்டையே காரணமாகச் சொல்லி வந்தார்.

ஜுமாதில் அடுக்களை வாசலில் நின்றார். "கெழவி, உன் ஃபெட் ஒரு மணி நேரம் வேணும்."

"எதுக்கு? பிரிக்கவா?"

"பாத்துக்க மட்டும். என்னுது எதையும் இப்ப நம்ப முடியாது."

புரூல் போர்சோக் மாவுத் துண்டுகளைப் பொரித்துக்கொண்டிருந்த கரண்டியைக் கீழே வைத்தார். "இந்த வார்த்தைய ரிஸ்பெக் முன்னாடி ஒரு தடவ சொல்லுங்க."

அவர் கூடத்துக்கு வந்து சொன்னார். ரிஸ்பெக் தேநீர்க் கிண்ணத்துக்குள் முகத்தை மறைத்துக்கொண்டார்.

ஃபெட்டைப் புரூலே எடுத்து வந்தார். முதுகைக் கழற்றியதும், கீறிய பிலிமைப் பதித்ததும், வளையத்தைக் கடைசிக் கோட்டுக்குத் திருப்பியதும் அவர்தாம். "கை பின்னால" என்று இரண்டு முறை அதட்டினார். இரண்டு கேமராக்களும் மேசைமேல் ஒன்றையொன்று உற்றுப் பார்த்து நின்றன. ஜுமாதில் மங்கல் கண்ணாடியில் குனிந்தார். கீறல் பஞ்சுபோல் விரிந்து கிடந்தது. பித்தளைத் தகட்டை வைத்தார், தேய்த்தார், மறுபடி வைத்தார். மாலை மங்கிய வேளையில் அது மயிரிழையாக ஒடுங்கியது. பிறகு அறைக்குள்ளேயே அளவுநாடா பிடித்து, கேமராவின் ஜன்னல் பிம்பங்களை லென்ஸோடு இணங்க வைத்தார்.

மலை பார்க்காத கேமரா முதன்முறையாக அந்த வாசற்படியைத் தாண்டிச் சென்றது. ஞாயிறு முழுவதும் ஜுமாதில் பூங்காப் பக்கம் போகவில்லை. தகட்டை இன்னும் ஒரு தேய்ப்புத் தேய்த்திருக்கலாமோ என்று சாப்பாட்டுக்கு நடுவே தொடங்கி, புரூல் முறைத்ததும் நிறுத்திக்கொண்டார்.

செவ்வாயன்று ரிஸ்பெக் பிலிம் சுருளைக் கொண்டுவந்தார். அதைக் கழுவ ஜுமாதில் குளியலறைக்குள் புகுந்துகொண்டார். மற்ற இருவரும் கூடத்தில் காத்திருந்தார்கள். நெடுநேரம் தண்ணீர் ஓசை மட்டுமே கேட்டது. ஈரம் சொட்டும் பிலிமை இரு கைகளாலும் விரித்துப் பிடித்தபடி அவர் நேரே பால்கனி வெளிச்சத்துக்கு நடந்தார். கண்களை வேண்டுமென்றே ஜன்னல் பக்கம் திருப்பியிருந்தார்.

"உருப்பெருக்கி சட்டப் பையில இருக்கு, எடு. உன் கேமரா சொன்ன தூரம். நீ பாரு மொதல்ல."

புரூல் கண்ணை வைத்தார்.

"நூலு?" என்றார் ரிஸ்பெக்.

"பிரி பிரியாத் தெரியுது. கத்திரிக்கோலு வாய் தொறந்து நிக்கிது. பொண்ணு அழுவுறா, கன்னத்துல கண்ணீர்கூடத் தெரியுது."

புரூல் குள்ளமான பெண்மணி. அடுத்த படத்துக்காக அவர் குதிகாலை உயர்த்துவதைக் கண்ட ஜுமாதில், முழங்கால்களை மடக்கித் தாழ்ந்து, பிலிமை அவர் கண்மட்டத்துக்கு இறக்கினார். குளிர்ந்த தண்ணீர் மணிக்கட்டு வழியே சட்டைக் கைக்குள் ஓடி முழங்கையில் சொட்டியது. அவர் கையை அசைக்காமல், புரூல் பார்த்து முடிக்க முடிக்க, பிலிமை ஒவ்வொரு படமாக நகர்த்திக்கொடுத்தார்.