பெண் பார்க்கப் போன இடத்தில் வயிறு பேசியது

வயிற்றுக் கோளாறு உலகத்திலேயே எனக்கு மட்டும்தான் என்று இருபத்தாறு வயதுவரை நம்பிக்கொண்டிருந்தேன். முதுகுளத்தூரில் பள்ளி ஆசிரியர் வேலை. பாடம் நடத்தும்போது வயிறு இரைந்தால், பெஞ்சை இழுத்தது யார் என்று பையன்களை அதட்டிச் சமாளித்துவிடுவேன்.

திருவாடானைக்குப் பெண் பார்க்கப் போனபோது அப்படிச் சமாளிக்க முடியவில்லை. கிளம்பும்போதே அம்மா எச்சரித்தாள். "ஏலே, காலையில ஒண்ணும் திங்காத. வெறும் வயிறா இருந்தா சத்தம் வராது." வெறும் வயிறுதான் அதிகம் சத்தம் போடும் என்பது எங்கள் இருவருக்குமே தெரியவில்லை. இரண்டு பஸ் மாறி, குலுங்கிக் குலுங்கிப் போய்ச் சேர்ந்தோம்.

பெண் காப்பித் தட்டோடு வந்து நின்றாள். கூடம் அமைதியானது. அந்த நேரம் பார்த்து என் வயிறு, மேடேறும் லாரி மாதிரி நீளமாக உறுமியது.

"வெளிய பஸ்ஸு கிளம்புது போல," என்றாள் அம்மா.

"பஸ்ஸு மூணு மணிக்குத்தான்," என்றார் பெண்ணின் அப்பா. பிறகு என்னைப் பார்த்தார். "மாப்ளைக்கு வாயுத் தொந்தரவோ?"

காது சூடேறத் தலையாட்டினேன்.

அவர் நாற்காலியை எனக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார். "எனக்குப் பதினஞ்சு வருசமா இருக்கு. மொச்சையக் கண்ணால பாத்தாலே போதும், வயிறு ஊதிக்கிரும்."

பெண்ணின் மாமா தனக்குப் புளிச்ச ஏப்பம் என்றார். வேடிக்கை பார்க்க வந்த பக்கத்து வீட்டுக்காரருக்கு நெஞ்செரிச்சல். அத்தை தன் மலச்சிக்கலைப் பற்றி அம்மாவின் காதில் ரகசியமாகச் சொன்னாள். அது எல்லோருக்கும் கேட்டது. கடைசியில் அம்மாவும், "எனக்கும் பொருமல்தாண்ணே," என்று இடுப்பிலிருந்த சுருக்குப்பையைத் திறந்து, வறுத்த ஓமத்தை ஆளுக்குக் கொஞ்சம் கொடுத்தாள்.

இந்தப் பேச்சில் பெண்ணை மறந்தேபோனோம். அவள் தட்டோடு நின்றபடியே சொன்னாள்: "அய்யா, காப்பி ஆறுது. ஒத்துக்கிறவுக மட்டும் கைய நீட்டுங்க."

ஒருவரும் நீட்டவில்லை. எனக்கும் காப்பி ஆகாது. இருந்தாலும் எழுந்து போய் ஒரு டம்ளரை எடுத்தேன்.

"முழுசையும் குடிக்க வேணாம்," என்றாள், எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி. அந்த இடத்திலேயே நான் சம்மதித்துவிட்டேன்.

வைகாசியில் கல்யாணம். மிளகாயைக் குறை, மொச்சை கூடாது, ரசத்தில் பெருங்காயம் தூக்கலாக இருக்கட்டும் என்று இரண்டு வீட்டாரும் சேர்ந்து போய்ச் சமையல்காரரிடம் கெஞ்சினார்கள். இது கல்யாண வீடா, ஆஸ்பத்திரியா என்று பந்தியில் ஒரே முணுமுணுப்பு. முணுமுணுத்தவர்கள் இரண்டாம் தடவையும் ரசம் வாங்கிக் குடித்தார்கள்.