குட்டி போட்ட யானையும் முதலாளியும்

அந்த மரக்கடை முதலாளி செத்து வருஷங்கள் ஆகியும் எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை. அறுபதுகளில் தென்காசியில் அவரிடம் நான் யானைப்பாகன். செங்கோட்டை வழியாக மலையாளத்திலிருந்து வந்த சினை யானை, குற்றாலத்தில் சாரல் பிடித்த வாரம் அவர் தோப்பில் குட்டி போட்டது. சுற்றிக் கயிறு கட்டி, யாரும் உள்ளே வரக்கூடாது என்றேன்.

மூன்றாம் நாள் முதலாளியே கயிற்றைத் தாண்டினார், ஐந்து வயது மகளோடு. யானையின் வயிற்றுக்கடியில் நுழைந்து வந்தால் பிள்ளைகளின் பயம் போகும் என்பது எங்கள் பக்கத்து வழக்கம்.

“குட்டி போட்டவகிட்ட வேண்டாம் முதலாளி.”

“ஏலே, எனக்கே சட்டம் சொல்லுதியா? இது எவன் யானைலே?” என்று, அழுத பிள்ளையை அடியில் தள்ளினார்.

குட்டி கத்தியது. தாய் வெறியோடு திரும்பியது. முதலாளி வேட்டியைத் தூக்கிக்கொண்டு கயிற்றுக்கு வெளியே ஓடிவிட்டார். நான் பாய்ந்து பிள்ளையை இழுத்தேன். தும்பிக்கை வீச்சில் என் விலா எலும்பு இரண்டு முறிந்தது.

யானையைப் பழக்கத் தெரியாதவன் என்று ஊரெல்லாம் சொல்லி என்னை விரட்டினார். ஒன்றை மட்டும் அவர் எங்கும் சொல்லவில்லை. யானை அடங்கியதும் “எங்கிட்ட வாட்டி” என்று மகளிடம் அவர் கையை நீட்டினார். பிள்ளை வீரிட்டு என் காலைக் கட்டிக்கொண்டாள்.