தொட்டியைக் கழுவச் சொன்ன பக்கம்

அவிநாசி ரோட்டில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் எழுதுகிறவள் நான். ஆயில் மில்லுக்கும் தறிக்கும் கணக்கு பார்க்கிற சாஃப்ட்வேர் விற்கிறோம். இணையத்தில் யார் எதைத் தேடினாலும் எங்கள் பெயர்தான் முதலில் வந்து நிற்க வேண்டும். அதற்காகப் பக்கம் பக்கமாகக் கட்டுரை போடுவோம். இந்த வேலைக்குப் பெயர் எஸ்இஓ என்று சொன்னால் என் மாமியார் ஏதோ சர்க்கார் பதவி என்று நினைத்துக்கொள்கிறார். நானும் திருத்துவதில்லை.

முன்பு அந்த அறையில் நான்கு பேர் எழுதினோம். ஏஐ வந்த பிறகு ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். இப்போது ஏஐ எழுதுகிறது, நான் திருத்துகிறேன். நாள் முழுக்கத் திருத்துவதால் அதன் நடை எனக்கு அத்துப்படி. எடுத்த எடுப்பில் பாராட்டும், நடுவில் பொதுவாக எதையாவது சொல்லும், முடிவில் வாழ்த்தும்.

வேலை சுலபமாகிவிட்டது என்று எல்லோரும் சொல்கிறார்கள். சுலபம்தான். மதியம் டப்பாவைத் திறந்தால் எதிரே காலி நாற்காலி.

அந்த நாற்காலியில் இருந்தவள் என்னைவிடச் சின்னவள். இப்போது ஈரோட்டில் கணவரின் ஜவுளிக்கடையில் ஆன்லைன் ஆர்டர்களைப் பார்த்துக்கொள்கிறாள். வாயைத் திறந்தால் 'ங்க' இல்லாமல் ஒரு சொல் வராது அவளுக்கு. கம்ப்யூட்டர் நின்றுபோனால் அதனிடமே, “ஏனுங்க, இப்படிப் பண்றீங்க” என்பாள். கட்டுரையிலும் 'ங்க' போட்டுவைப்பாள். மேனேஜர் ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுப்பார்.

போன வாரம் காங்கேயத்து ஆயில் மில்காரர்களுக்கு ஒரு பக்கம் தேவைப்பட்டது. 'தொட்டி இருப்பைக் கணக்கு வைப்பது எப்படி' என்று ஏஐயிடம் கேட்டேன். எங்கள் பக்கம் தொட்டி என்றால் தேங்காய்ப் பருப்பை எடுத்த பிறகு மிஞ்சும் ஓடு. கரி சுடுகிறவர்கள் வாங்கிப்போவார்கள், அதனால் அதற்குத் தனிக் கணக்கு உண்டு. ஏஐக்கு அது எங்கே தெரியும்? கொள்ளளவை லிட்டரில் குறித்துக்கொள்ளுங்கள், பாசி பிடிக்காமல் மாதம் ஒருமுறை தேய்த்துக் கழுவுங்கள், கொசு புகாதபடி மூடிவையுங்கள் என்று ஒரு பக்கம் எழுதித் தள்ளியிருந்தது.

மலைபோல் குவிந்த ஓடுகளை மில்காரர் ஒவ்வொன்றாகத் தேய்த்துக் கழுவுகிற காட்சி கண்முன் வந்தது. வாய்விட்டுச் சிரித்தேன். சிரித்தபடி எதிரே நிமிர்ந்து பார்த்தேன். யாரும் இல்லை. பாதியில் நின்றுபோன சிரிப்பு அழுகையைவிட மோசம்.

தவறைச் சொன்னேன். மிகச் சரியாகச் சுட்டிக்காட்டினீர்கள் என்று பாராட்டிவிட்டு, அடுத்த நிமிடமே சரியாக எழுதிக் கொடுத்தது. அதற்கு வெட்கமும் இல்லை, சிரிப்பும் இல்லை.

பழைய பக்கத்தைப் படம் எடுத்து ஈரோட்டுக்கு அனுப்பினேன். 'கண்ணு, இதைப் பாரு' என்று மட்டும் எழுதினேன். அவள் சிரித்துவிட்டால் போதும் என்றிருந்தது. அந்த நாளுக்கு வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை. போனை மேசையில் நிமிர்த்தி வைத்துக்கொண்டு வேலை பார்த்தேன். கடையில் கூட்டமாக இருக்கும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

சாயங்காலம் பதில் வந்தது.

'மிகவும் நகைச்சுவையான தருணம்! இத்தகைய சிறு தவறுகளே நம் நாளை இனிமையாக்குகின்றன. தங்கள் பணி மேலும் சிறக்க வாழ்த்துகள்.'

மூன்று வரி. ஒரு 'ங்க' கிடையாது. பாராட்டு, பொதுவாக ஒன்று, வாழ்த்து. வாடிக்கையாளர்களுக்குப் பதில் போடுவதற்கு அவள் போனில் வைத்திருக்கும் ஏஐ எனக்கும் சேர்த்துப் போட்டுவிட்டது. அவள்மேல் கோபம் வந்தது. கோபம் அடங்கியதும் வெறுமையாக இருந்தது.

கை சும்மா இருக்கவில்லை. வேலைப் பழக்கம். அந்த மூன்று வரியையும் எடுத்துப்போட்டுத் திருத்த ஆரம்பித்தேன். பாராட்டை அடித்தேன், வாழ்த்தை அடித்தேன். அவள் என்ன சொல்லியிருப்பாள் என்று யோசித்து எழுதினேன்: 'ஏனுங்க்கா, இனித் தொட்டியக் கழுவிப்போட்டுத்தான் கரிக்காரருக்குப் போடோணுமாங்க்கா?'

அவள் குரலேதான். படித்துவிட்டுச் சிரித்தேன். பிறகு அதை அழித்தேன்.

அவளிடம் நான் ஒருநாளும் 'ங்க' போட்டுப் பேசியதில்லை. அன்று 'நன்றிங்க' என்று அனுப்பினேன்.